அடியில் வரைந்தவர்

தெருவோவியர் பேங்க்ஸியின் வேலைகளில் பெரும்பாலானவை பார்த்த கணத்திலேயே சிரிக்க வைத்து, அந்தச் சிரிப்போடு தீர்ந்துபோகிறவை. தெருவில் நடந்துபோகிறவனுக்கு அதற்கு மேல் பொறுமை கிடையாது என்பது அவருக்குத் தெரியும். அதில் எனக்குப் புகார் ஏதுமில்லை. ஆனால் ஒரு படம் மட்டும் சிரித்து முடித்த பிறகும் விடாமல் உறுத்திக்கொண்டிருக்கிறது. இலையுதிர்காலத்து மரங்கள், அவற்றுக்கு அப்பால் ஏரி, ஏரிக்கு அப்பால் மலை. காலண்டர்களிலும் ஓட்டல் வரவேற்பறைகளிலும் நாம் பார்த்தும் பார்க்காமல் கடந்துவிடுகிற வகை. எய்ட்ஸ் நோயாளிகளுக்கும் வீடற்றவர்களுக்கும் உதவும் ஹவுசிங் ஒர்க்ஸ் என்ற அமைப்பு நியூயார்க்கில் நடத்துகிற பழைய சாமான் கடையில் அது 50 டாலருக்குக் கிடந்தது. 2013 அக்டோபரில், அந்த ஊரில் மாதம் முழுக்கத் தெருவேலை செய்துகொண்டிருந்த பேங்க்ஸியின் கைக்கு அது போனது. ஏரிக்கு முன்னால் ஒரு பெஞ்சு. பெஞ்சில், நமக்கு முதுகைக் காட்டி இயற்கையை ரசித்தபடி ஒரு நாஜி அதிகாரி. கை மேல் ஸ்வஸ்திகப் பட்டை. நாஜி அதிகாரி ஐக்மனின் விசாரணை பற்றி ஹன்னா அரெண்ட் எழுதிய நூலில் வரும் ‘தீமையின் சாதாரணத்தன்மை’ என்ற புகழ்பெற்ற தொடரைத் திருகி அதற்கொரு தலைப்பு. பிறகு படம் அதே கடைக்கு நன்கொடையாகத் திரும்பி வந்தது. ஏலம் 6,15,000 டாலரில் முடிந்தது. வென்றவர் பின்வாங்கிவிட்டார், வேறொருவர் வாங்கிக்கொண்டார் என்பது கிளைக்கதை. நோயாளிகளுக்குப் பணம், கடைக்குப் புகழ், பார்ப்பவனுக்கு ஒரு நடுக்கம். யாருக்கு என்ன நஷ்டம்? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பிறகு கண் மூலைக்குப் போனது. பேங்க்ஸியின் கையெழுத்துக்கு மேலே இன்னொரு கையெழுத்து இருக்கிறது. அந்த மரங்களை ஒவ்வொரு இலையாக ஒற்றி ஒற்றி வரைந்த ஒருவர், முடித்துவிட்டோம் என்ற திருப்தியில் போட்ட கையெழுத்து. அவர் இந்த நகைச்சுவையில் யார்?

அவர் யாரும் இல்லை என்பதுதான் நகைச்சுவையின் அடித்தளமே. அந்த ஏரிக்காட்சி சாதுவாக, அசட்டுத்தனமாக இருந்தால்தான் சீருடை அங்கே உட்கார முடியும். நல்ல ஓவியம் ஒன்றின் மேல் அதே ஆளை உட்கார வைத்தால் நாம் ஓவியத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவோம். இங்கே உடனடியாகக் கருத்துக்குப் போய்விடுகிறோம். அதாவது, கீழே இருப்பது பேசத் தகுந்ததல்ல என்ற தீர்ப்பைப் பார்வையாளனும் கலகக்காரரும் சேர்ந்து, ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல், முன்கூட்டியே எழுதிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பை வழக்கமாக எழுதுவது யார்? காட்சியகங்கள், விமர்சகர்கள், ஏல நிறுவனங்கள். எந்தப் பீடத்தை எதிர்த்து இந்தக் கை எழுகிறதோ, அந்தப் பீடத்தின் ரசனையை அப்படியே கடன் வாங்கித்தான் எழுகிறது. என் உறுத்தலை இவ்வளவு நேரடியாகச் சொன்னதும் அதில் கொஞ்சம் மிகை இருப்பது போலவும் படுகிறது. பீடத்தைத் திட்டுகிறவன் அதன் கண்ணாடியை ஒரு கணம்கூட மாட்டிக்கொள்ளக் கூடாது என்று சொல்ல முடியாது. ஆனாலும் வரிசையாக எடுத்துப் பார்க்கும்போது ஒரு வழக்கம் தெரிகிறது. 1919இல் துஷாம்ப் மோனாலிசாவுக்கு மீசை வைத்தார். வைத்தது கடையில் வாங்கிய அஞ்சலட்டை மேல். 2005இல் பேங்க்ஸி மோனேயின் அல்லிக் குளத்தில் இரண்டு சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டிகளையும் ஒரு போக்குவரத்துக் கூம்பையும் கவிழ்த்துப் போட்டார். அந்தக் குளமும் ஜப்பானியப் பாலமும் அவரே வரைந்த நகல். ஆனால் 2003இல் லண்டனின் டேட் பிரிட்டன் காட்சியகச் சுவரில் அவர் யாருக்கும் தெரியாமல் ஒட்டிவிட்டு வந்த படத்தில், போலீஸ் நாடாவின் குறுக்குப் பட்டைகளுக்குக் கீழே இருந்த கிராமத்துக் காட்சி நகல் இல்லை. சந்தையில் கிடைத்த, கையெழுத்தில்லாத, நிஜமான எண்ணெய்ச் சாய ஓவியம். பெயர் பெற்றவரிடம் கைவைக்கும்போது நகலின் மேல். பெயரற்றவரிடம் கைவைக்கும்போது அசலின் மேல். மோனேயின் அசலைத் தொட்டால் ஜெயில் என்பது எளிய விளக்கம். அந்த எளிய விளக்கம் நிஜம் என்பதுதான் எனக்குப் பிரச்சினை. துணிச்சலின் எல்லையைச் சட்டம் வகுத்திருக்கிறது, சட்டத்தின் எல்லையை விலை வகுத்திருக்கிறது. அந்த எல்லைக்கு வெளியே, காவலில்லாத இடத்தில், சந்தைத் தரையில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிற கித்தான்கள்.

இந்த வழக்கத்துக்குத் தெருவோவியர்களைவிட மூத்த தகப்பன் ஒருவர் உண்டு. டென்மார்க்கின் ஓவியர் அஸ்கர் யோர்ன், கோப்ரா என்ற ஓவியர் குழுவிலும் பிறகு சிச்சுவேஷனிஸ்டுகள் என்ற கலகக் குழுவிலும் இருந்தவர். பாரிசின் பழைய பொருள் சந்தைகளில் மலிவுப் படங்களை வாங்கி, அவற்றின் மேலேயே வரைந்து, 1959இல் ரீவ் கோஷ் காட்சியகத்தில் வைத்தார். அவற்றில் ஒன்றில் ஒரு பெரிய வாத்து. மரங்களுக்கிடையே நீரோரத்தில் ஒரு குடிசை, பொறுமையான சிறு தூரிகையின் வேலை. அதன் முன்னால் குடிசையைவிட உயரமாக, குழாயிலிருந்து பிதுக்கிய வண்ணத்தில் அப்பி எடுத்த ஒரு வாத்து. எண்ணெய்ச் சாயத்துக்கு ஒரு குணம் உண்டு. மெல்லிய அடுக்கு சில வாரங்களில் தொடக் காய்ந்துவிடும். தடித்த அடுக்கின் உள்ளே ஆண்டுக்கணக்கில் ஈரம் இருக்கும். ஆளி விதை எண்ணெய் மெதுவாகக் காற்றை உறிஞ்சி இறுகுகிறது. அதனால் அந்த வாத்து சுவரில் தொங்க ஆரம்பித்த பிறகும் வெகுநாள் பச்சையாகவே இருந்திருக்கும். கீழே குடிசையோ வார்னிஷ் மஞ்சளித்து என்றோ அடங்கிப்போனது. ஒரே கித்தானில் இரண்டு வயது. யோர்னைத் திட்டுவது பேங்க்ஸியைத் திட்டுவது போல எளிதல்ல. அவர் அந்த மலிவுப் படங்களை உண்மையிலேயே நேசித்தார். 1941இலேயே, சாமானியர்கள் சுவரில் மாட்டிக்கொள்கிற அசட்டு ஓவியங்களுக்காக வாதாடி ஒரு கட்டுரை எழுதியவர். மோசமான ஓவியத்துக்குத் தான் ஒரு நினைவுச்சின்னம் எழுப்புவதாகவும், பழையதைத் தூக்கியெறியாமல் அதன் மேல் வரைந்து தொடரலாம் என்றும் 1959 காட்சிக்கு எழுதிய குறிப்பில் சொன்னார். நான் நம்புகிறேன். வாத்தைப் பார்த்தால் அது குடிசையைக் கேலி செய்வதாக இல்லை; அதைச் சாப்பிட வந்தது போலவும் இருக்கிறது, காவல் காக்க வந்தது போலவும் இருக்கிறது. ஆனால் நேசித்தவரும் அந்தக் குடிசையை வரைந்தவர் பெயரை எங்கும் சொல்லவில்லை. நினைவுச்சின்னம் எழுப்புகிறவர் இறந்தவரின் பெயரைக் கல்லில் பொறிக்க மறந்தால் அது யாருடைய சின்னம்?

என் வாதத்துக்கு எதிரான வலுவான வாதத்தையும் சொல்லியாக வேண்டும். அந்த ஏரிக்காட்சி பேங்க்ஸியின் கைக்குப் போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சட்டகத்துக்காக யாராவது வாங்கி, படத்தைக் கழற்றிக் குப்பையில் போட்டிருப்பார்கள். மேலே வரைந்ததுதான் கீழே இருந்ததைக் காப்பாற்றியது. ஸ்பெயினில் போர்ஹா என்ற சிற்றூரின் வழிபாட்டு இடத்தில், எலியாஸ் கார்சியா மார்த்தினேஸ் என்ற ஓவியர் வரைந்த முள்முடி இயேசு ஒன்று சுவரில் உதிர்ந்துகொண்டிருந்தது. 2012இல் எண்பது வயது கடந்த ஒரு மூதாட்டி, பக்தியோடு, தானே அதைச் சரிசெய்ய முனைந்தார். விளைவைப் பார்த்து உலகமே சிரித்தது. கூட்டம் கூட்டமாக ஆட்கள் போய், நுழைவுக் கட்டணம் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த ஓவியரின் பெயர் உலகுக்குத் தெரியவந்ததே படம் கெட்ட பிறகுதான். ஆக, அழிப்பும் ஒரு வகையில் பிழைக்க வைக்கிறது. இதற்கு என்னிடம் முழுமையான பதில் கிடையாது. ஒன்று மட்டும் சொல்ல முடியும்: அந்த மூதாட்டிக்கு எந்த நிறுவனத்தையும் எதிர்க்கும் எண்ணமில்லை, கீழே இருந்தவரை அவர் உதாசீனம் செய்யவும் இல்லை. அவரைப் பார்த்து உலகம் சிரித்த அதே பத்தாண்டில்தான், திட்டமிட்டுப் படங்களைக் கெடுத்தவர்களுக்கு அது எழுந்து நின்று கைதட்டியது. இன்னொரு இடத்திலும் என் நியாயம் தடுமாறுகிறது. ஜேக், டினோஸ் சாப்மன் என்ற கலைஞச் சகோதரர்கள் 2008இல் ஹிட்லர் வரைந்த 13 நீர்வண்ணப் படங்களை 1,15,000 பவுண்டுக்கு வாங்கி, அவற்றின் மேல் வானவில்லும் இதயங்களும் வரைந்து லண்டனில் வைத்தார்கள். வியன்னா கலைக்கழகம் இரண்டு முறை நிராகரித்த மனிதர் அவர். காட்சியகங்கள் சேர்த்துக்கொள்ளாத ஓவியர் என்ற வரையறைக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. அவர் படம் கெட்டதற்கு நான் வருத்தப்படவில்லை. அப்படியானால் என் வருத்தம் படங்களைப் பற்றியதா, ஆட்களைப் பற்றியதா? ஆட்களைப் பற்றியது என்றுதான் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதே சகோதரர்கள், தாங்கள் வாங்கியிருந்த கோயாவின் போர் அவலங்கள் வரிசையின் 80 அச்சுப்படங்களில் வதைபட்டுக் கிடக்கிறவர்களுக்கு 2003இல் கோமாளி முகமும் நாய்க்குட்டி முகமும் வரைந்தபோது எனக்கு வந்த கோபம் கோயாவுக்காக அல்ல. அவருடைய அந்தத் தகடுகளிலிருந்து எடுத்த வேறு பிரதிகள் உலகெங்கும் இருக்கின்றன. அந்த முகங்களுக்காக வந்தது. அங்கேயும் அடியில் இருந்தவர்கள் பெயரில்லாதவர்கள்தான்.

சுவரில் வரைகிறவர்களுக்கு இதில் ஒரு நெறி உண்டு என்பதுதான் வேடிக்கை. நம் ஊரில் ஒரு கட்சி வெள்ளையடித்துத் தன் பெயரையும் ஆண்டையும் எழுதிப் பிடித்து வைத்த சுவரில் இன்னொரு கட்சி எழுதினால் என்ன நடக்கும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிராஃபிட்டி உலகிலும் அதேதான்: மூத்தவர் எழுதியதன் மேல் எழுதுவது சண்டைக்கு அழைப்பது. லண்டனில் கேம்டன் பகுதியில், ரீஜண்ட் கால்வாய்ப் பாலத்தின் கீழே, தண்ணீர் வழியாக மட்டுமே எட்டக்கூடிய ஒரு சுவரில், கிங் ராபோ என்று அறியப்பட்ட கிராஃபிட்டிக்காரர் 1985இல் எழுதிய பெரிய எழுத்துகள் ஏறக்குறைய கால் நூற்றாண்டாக இருந்துவந்தன. 2009இல் பேங்க்ஸி அதன் மேல் வரைந்தார்: ஒரு தொழிலாளி சுவர்த்தாள் ஒட்டுகிறார், ஒட்டுகிற தாளே ராபோவின் எழுத்துகளாகத் தெரிகிறது. புத்திசாலித்தனமான வேலை, சந்தேகமில்லை. ராபோ எழுதுவதை நிறுத்திப் பல வருஷம் ஆகியிருந்தது. அந்தக் கிறிஸ்துமஸ் அன்று நீரில் குளிர் தாங்கும் உடை அணிந்து, காற்றடைத்த மெத்தையில் மிதந்து போய், அதே தொழிலாளி இப்போது ராபோவின் பெயரை வரைந்துகொண்டிருப்பது போல மாற்றிவிட்டு வந்தார். பதிலுக்குப் பதில் என்று அது நீண்டது. ராபோவின் ஆட்கள் ஊரெங்கும் பேங்க்ஸியின் ஸ்டென்சில்களைத் தேடித் தேடி மாற்றினார்கள். 2011இல் ராபோ தலையில் அடிபட்டு நினைவிழந்தார், 2014இல் இறந்தார். அவர் நினைவிழந்து கிடந்தபோது, அந்தச் சுவரில் பழைய எழுத்துகளின் கறுப்பு வெள்ளைப் பிரதியும் அதன் மேல் மெழுகுவர்த்தி போல எரியும் ஒரு வண்ணக் குப்பியும் தோன்றின, வரைந்தவர் பேங்க்ஸி. அதை மன்னிப்பு என்று படிக்கலாம். எனக்கு அந்தக் கால்வாய்க் கதை பிடிக்கக் காரணம், அங்கே அடியில் இருந்தவர் எழுந்து வந்தார் என்பது. அவருக்கு ஒரு சுவர் இருந்தது, சகாக்கள் இருந்தார்கள், ஒரு காற்று மெத்தையும் இருந்தது. பழைய சாமான் கடையில் கிடந்த ஏரிக்கு அவற்றில் ஒன்றும் கிடையாது. தெருவின் நெறி தெருக்காரர்களுக்கு மட்டும் பொருந்தும் என்றால், அதுவும் இன்னொரு உறுப்பினர் சங்கம்தான்.

கேட்டுவிட்டு அழித்தவர் ஒருவர் உண்டு. 1953இல் இளம் ஓவியரான ராபர்ட் ரௌஷன்பெர்க் ஒரு விஸ்கி பாட்டிலோடு மூத்த ஓவியர் வில்லெம் டி கூனிங்கின் வீட்டுக்குப் போய், அழிப்பதற்கு உங்கள் படம் ஒன்று வேண்டும் என்று கேட்டார். டி கூனிங்குக்குப் பிடிக்கவில்லை. ஆனால் யோசனை புரிந்தது. புரிந்ததால், தனக்கு இழப்பாக இருக்கக்கூடிய ஒரு படத்தை, அதுவும் மையும் கரியும் கிரேயானும் கலந்து அழிக்கக் கஷ்டமான ஒன்றாகத் தேடிக் கொடுத்தார். அழிக்க வாரக்கணக்கில் ஆனது. இப்போது சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தக் கிட்டத்தட்ட வெற்றுத் தாளுக்குக் கீழே, சட்டகத்துக்குள் இருக்கும் சீட்டில் இரண்டு பேருடைய பெயரும் இருக்கிறது. தலைப்பிலேயே அழிக்கப்பட்டவர் இருக்கிறார். இந்த வரிசையில் எனக்கு முழு மரியாதை வருகிற ஒரே செயல் இதுதான். இளையவர் மூத்தவரிடம், பெயரற்றவர் பெயர் பெற்றவரிடம், கதவைத் தட்டிக் கேட்டு, உண்மையான ஒன்றை இழக்க வைத்தார். கலகம் என்றால் திசை இப்படி இருக்க வேண்டும். மற்றபடி பீடத்தின் சகிப்புத்தன்மைக்கு அளவே இல்லை. 1974இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் பிக்காஸோவின் கெர்னிகா மேல் சிவப்பு ஸ்ப்ரேயால் எழுதிய டோனி ஷஃப்ராஸி, சில வருஷம் கழித்து அதே ஊரில் பெரிய காட்சியக முதலாளியாகி, கீத் ஹேரிங் போன்ற தெருவோவியர்களை விற்றார். கெர்னிகா மேலிருந்த தடித்த வார்னிஷ் சிவப்பை உள்ளே விடவில்லை, துடைத்துவிட்டார்கள். சொத்பீஸ் ஏல நிறுவனத்தில் 2018இல் 10 லட்சம் பவுண்டுக்குச் சற்று மேல் விலைபோன கையோடு சட்டகத்துக்குள் பாதி கிழிந்த பேங்க்ஸியின் பலூன் சிறுமி, 2021இல் அதே இடத்தில் 1 கோடியே 85 லட்சம் பவுண்டுக்கு விலைபோனாள். தள்ளுவண்டி கிடக்கும் அல்லிக் குளம் 2020இல் 75 லட்சம் பவுண்டு. எதிர்ப்பை விலைக்கு வாங்கிவிடுகிறார்கள் என்று அங்கலாய்ப்பது பழைய பாட்டு, அதை நான் பாடப் போவதில்லை. அடியில் இருக்கிறவருடைய பங்கு என்ன என்று மட்டும் கேட்கிறேன்.

சட்டம் அவருக்கு என்ன தருகிறது என்று பார்த்தால் விசித்திரமாக இருக்கிறது. அமெரிக்காவில் காட்சிக் கலைஞர்கள் உரிமைச் சட்டம் என்று 1990இல் ஒன்று வந்தது. படம் வேறொருவர் சொத்தாக இருந்தாலும், அதை அழிக்காமல் தடுக்கும் உரிமை வரைந்தவருக்கு உண்டு. ஆனால் அந்தப் படம் அங்கீகரிக்கப்பட்ட தகுதி உடையதாக இருக்க வேண்டும். தகுதி இருக்கிறதா என்று நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வருகிறவர்கள் யார்? அருங்காட்சியகக்காரர்கள், பேராசிரியர்கள், விமர்சகர்கள். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் 5பாயின்ட்ஸ் என்று ஒரு பழைய தொழிற்சாலை வளாகம் இருந்தது. சுவர் முழுக்கத் தெருவோவியம். 2013 நவம்பரில் ஓர் இரவில் கட்டட முதலாளி அத்தனைக்கும் வெள்ளையடித்துவிட்டார். ஓவியர்கள் வழக்குப் போட்டார்கள். 2018இல் தீர்ப்பு வந்தது: 45 ஓவியங்களுக்குத் தலா 1,50,000 டாலர், மொத்தம் 67 லட்சத்து 50 ஆயிரம் டாலர், 21 ஓவியர்களுக்கு, மேல்முறையீட்டிலும் அது நின்றது. தெருவோவியத்துக்குக் கிடைத்த பெரிய நியாயம், எனக்கும் சந்தோஷம்தான். 2013 அக்டோபர் கடைசியில் நியூயார்க்கை விட்டுக் கிளம்பும்போது பேங்க்ஸி சொல்லிவிட்டுப் போனதும் 5பாயின்ட்ஸைக் காப்பாற்றுங்கள் என்பதுதான். அந்த வாரத்தில்தான் பெஞ்சுப் படமும் கடைக்குத் திரும்பியது. ஒரே மனிதர், ஒரே வாரம்: ஒரு பக்கம் மற்றவர்கள் வரைந்ததன் மேல் வெள்ளையடிக்காதீர்கள் என்ற வேண்டுகோள், இன்னொரு பக்கம் மற்றவர் வரைந்ததன் மேல் பெஞ்சு. இதில் பாசாங்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஏரிக்காட்சி ஓர் ஓவியம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான். பாசாங்காக இருந்தால் மன்னிக்க இன்னும் எளிதாக இருந்திருக்கும்.

யோர்னின் வாத்துக்கு 2022 ஏப்ரலில் நடந்ததைச் சொன்னால் எல்லா அடுக்குகளும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. டென்மார்க்கின் சில்கபோர்க்கில் யோர்ன் பெயரிலேயே இருக்கும் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்த ஒரு கலைஞர், வாத்தின் மேல் தன் உருவப்படத்தை ஒட்டி, அழியாத மை மார்க்கரால் கையெழுத்தும் போட்டார். யோர்ன் செய்ததைத்தான் நானும் செய்தேன் என்ற வாதம் எடுபடவில்லை; 18 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. தீர்ப்பு தவறு என்று நான் சொல்லமாட்டேன். யோர்ன் தன் கைக்காசில் வாங்கிய படத்தின் மேல் வரைந்தார், இவர் பொதுச்சொத்தின் மேல் ஒட்டினார், வித்தியாசம் இருக்கிறது. ஆனால் பழுதுபார்ப்பவரின் வேலையை நினைத்துப் பாருங்கள். பசையையும் மையையும் மில்லிமீட்டர் மில்லிமீட்டராகக் கரைத்து எடுக்கிறவர் எந்த இடத்தில் நிறுத்துவார்? வாத்து வந்ததும் நிறுத்துவார். அசல் என்பது அங்கே 1959. அதற்கு முன்னால் அந்தக் கித்தானில் நடந்த எதுவும் அசல் கணக்கில் வராது. வாத்துக்கு அருங்காட்சியகமும் நீதிமன்றமும் காவலுக்கு நிற்கின்றன. குடிசை வாத்தின் பின்னணி என்ற தகுதியில், ஓசியில், அந்தக் காவலைப் பெற்றுக்கொள்கிறது. இவற்றையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு அடியில் இருப்பதைக் காட்டுங்கள் என்று கேட்க எனக்குப் பைத்தியமில்லை. நான் கேட்பது செலவில்லாத காரியம். இத்தகைய படங்களை வைத்திருக்கிற ஒவ்வொரு அருங்காட்சியகமும் சுவரில் ஒட்டும் விவரச்சீட்டில் முதல் வரியாக அடியில் வரைந்தவரைச் சொல்லட்டும். கையெழுத்து இருந்தால் அதை அப்படியே, இல்லாவிட்டால் பெயர் தெரியாத ஓவியர் என்று. அதற்கு அடுத்த வரியில், மேலே வரைந்தவர் இன்னார் என்று வரட்டும். ஏல நிறுவனங்கள் தங்கள் விலைப்பட்டியலிலும் அதையே செய்யட்டும். எதையும் எதிர்க்கத் துணிந்த கலைஞர்களுக்கு இந்த ஒரு வரியை எழுதக் கை நடுங்காது என்று நம்புகிறேன்.